இருபது வளைவும் மூன்று வகைக் காரும்

எங்கள் டீசல் காருக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. போன வருடம்தான் கிளட்ச் மாற்றினேன், இப்போது மறுபடியும் ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவதைத் தாண்டினால் கருகல் வாடை வருகிறது. இனி செலவு செய்வது வீண் என்று வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதமாக நான் செய்ததெல்லாம் பேட்டரி கார், ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, ஓடும்போதே தானே சார்ஜ் ஆகிற சின்ன பேட்டரியும் மோட்டாரும் உள்ளது), ப்ளக்-இன் ஹைப்ரிட் மூன்றையும் பற்றிக் கண்டவரையெல்லாம் பிடித்துக் கேட்டதும், பழைய கரண்ட் பில்களை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டதும்தான்.

எங்கள் ஓட்டம் எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் மொத்தமும் அதில்தான் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் சேலம் அழகாபுரத்தில் கிளம்பி ஐந்து ரோடு, மெய்யனூர், செவ்வாய்ப்பேட்டை என்று ஊருக்குள்ளேயே முப்பது கிலோமீட்டர் போல. சனிக்கிழமையானால் கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏற்காடு ஏறி நாகலூர், அங்கே மாமனார் வீட்டுக்கு இரண்டரை ஏக்கர் காப்பியும் மிளகும் இருக்கிறது. வருடத்துக்கு நாலைந்து தடவை சென்னையோ பெங்களூரோ. மாதம் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். சேலத்தில் கார் வைத்திருக்கிற நிறையப் பேருக்கு, மலைத்தோட்டத்தை எடுத்துவிட்டால், இதே கதைதான்.

ப்ளக்-இன் ஹைப்ரிட்டை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். எனக்கு மனசுக்குப் பிடித்தது அதுதான், வாங்கவே போவதில்லை என்பதும் அதைத்தான். பெட்ரோல் இன்ஜினும் இருக்கும், வீட்டில் ஒயர் போட்டுச் சார்ஜ் ஏற்றுகிற மாதிரி பத்துப் பதினைந்து, சிலவற்றில் இருபது யூனிட்டுக்கு மேல்கூடப் பிடிக்கிற பேட்டரியும் இருக்கும். ஐம்பது அறுபது கிலோமீட்டர் கரண்டிலேயே போகும், அதற்கு மேல் பெட்ரோல். சேலத்துக்கென்றே செய்தது போல இல்லையா? ஊருக்குள் ஒரு சொட்டு பெட்ரோல் வேண்டாம், சென்னைக்குப் போகும்போது சார்ஜரைத் தேட வேண்டாம். ஆனால் நம் ஊரில் ப்ளக்-இன் என்றால் பி.எம்.டபிள்யூ எக்ஸ்.எம்., லம்போர்கினி என்று கோடிகளில் பேசுகிற சாமான்கள்தான், சாதாரணக் குடும்பம் எடுக்கிற பத்து இருபது லட்சத்தில் ஒன்றும் இல்லை. வரியிலும் அதைப் பேட்டரி காராகக் கருதி 5 சதவீத ஜி.எஸ்.டி. போடுவதில்லை, ஹைப்ரிட்டோடு சேர்த்து 40 சதவீதத்தில் தள்ளிவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற தம்பி தங்கைகள் யாராவது ப்ளக்-இன் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், தினமும் ராத்திரி ஒயரை மாட்டுவார்களா என்று. ஐரோப்பிய ஆணையம் 2021-ல் பதிவான கார்களின் உண்மையான ஓட்டக் கணக்கை எடுத்து 2024-ல் அறிக்கை கொடுத்தது. அதில் ப்ளக்-இன் கார்கள் சோதனைக்கூடத்தில் காட்டியதைப் போல மூன்றரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு விட்டது தெரிந்தது. காரணத்தில் பெரிய ரகசியம் இல்லை, எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போட்டு ஓட்டுவதில்லை. சார்ஜ் போடாத ப்ளக்-இன் என்பது பேட்டரி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற பெட்ரோல் கார்.

இனி நிஜமான போட்டி. ஹைப்ரிட்டா, முழு பேட்டரியா?

ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் ஹைப்ரிட் என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஹைப்ரிட் இல்லை. மைல்ட் ஹைப்ரிட் என்று ஒன்று விற்கிறார்கள், அதில் இருக்கிற சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், சிக்னலில் அணைந்த இன்ஜினைச் சத்தமில்லாமல் கிளப்பும், அவ்வளவே. இன்ஜின் அணைந்திருக்கும்போது மோட்டாரில் மட்டும் வண்டி நகருமா என்று விற்பனையாளரைக் கேளுங்கள். நகராது என்றால் அதைச் சாதா பெட்ரோல் காராகவே வைத்து விலை பேசுங்கள். மோட்டாரில் தனியாக நகர்கிற ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்றால் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், ஹோண்டா சிட்டி, இன்னோவா ஹைகிராஸ் போன்றவற்றில் அதற்கென்று வருகிற மாடல்கள்தான். கிராண்ட் விட்டாராவிலும் ஹைரைடரிலும் மைல்டும் உண்டு, ஸ்ட்ராங்கும் உண்டு, பெயரை மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், போன வருடம் அப்படி ஒரு ஸ்ட்ராங் ஹைப்ரிட் எடுத்தார். "மாப்ளே, ஊருக்குள்ள பாதி நேரம் இன்ஜினே ஓடறதில்லை" என்று அவர் பீற்றிக்கொண்டபோது நான் நம்பவில்லை. ஒருநாள் சாயங்காலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து ரோடு வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேம்பாலத்தில் ஏறாமல் வேண்டுமென்றே கீழே நெரிசலில் போகச் சொன்னேன். உண்மைதான், ஊர்ந்து போகிற இடமெல்லாம் கரண்டில் போனது, கொஞ்சம் மிதித்தால் மட்டும் இன்ஜின் முனகியது. சாதா பெட்ரோல் கார் ஊருக்குள் குடிக்கும், ஹைவேயில் மிச்சம் பிடிக்கும், ஹைப்ரிட் அதைத் தலைகீழாக்குகிறது. நிறுவனம் சொல்கிற 27, 28 கிலோமீட்டர் எல்லாம் காகிதக் கணக்கு, ஆனால் ஊருக்குள் லிட்டருக்கு 20, 21 அவருக்கு வருகிறது. ஆட்டோமேட்டிக் காருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் மலையில் கதை வேறு. அதுதான் நான் முடிவெடுத்த இடம்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. முப்பது கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டருக்கும் மேல் தூக்க வேண்டும். ஒன்றரை டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே ஐந்து யூனிட் சக்தி வேண்டும், டயர் உராய்வு, ஏ.சி., மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் ஏழெட்டு யூனிட். எப்படி ஏறினாலும் யாரோ ஒருவர் இதைக் கொடுத்தாக வேண்டும், கரண்ட் கொடுக்கட்டும் இல்லை பெட்ரோல் கொடுக்கட்டும். கேள்வி என்னவென்றால், இறங்கும்போது அதில் எவ்வளவு திரும்பக் கைக்கு வருகிறது?

நண்பர் ஒருவரிடம் 45 யூனிட் பேட்டரி வைத்த கார் இருக்கிறது. அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம், நாலு பேர், ஏ.சி. ஓடுகிறது. அஸ்தம்பட்டியில் 80 சதவீதம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தும்போது 62. பரவாயில்லை என்று நினைத்தேன். ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டு இறங்கினோம். இருபதாவது வளைவிலிருந்து ஒன்றாவது வளைவு வரைக்கும் அவர் பிரேக்கைத் தொட்டது வளைவுகளில் மட்டும்தான், மற்ற இடமெல்லாம் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டர் போல மாறிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற, வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டது. அடிவாரத்தில் பார்த்தால் 68. இரண்டரை மூன்று யூனிட் திரும்ப வந்திருக்கிறது. இறங்கி முன் சக்கரத்துப் பக்கம் கையை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. எங்கள் டீசல் காரில் அதே இடத்தில் நிறுத்தினால் பிரேக் வாடை மூக்கைத் துளைக்கும்.

அதே பாதையில் மச்சானின் ஹைப்ரிட். ஏறும்போது ஆறேழு வளைவு வரைக்கும் மோட்டார் உதவியது, அப்புறம் பேட்டரி காலியானதும் மொத்த பாரமும் இன்ஜின் தலையில். மூன்று சிலிண்டர், ஐந்து பேர், பின்னால் மிளகு மூட்டை வேறு. கத்திக்கொண்டேதான் ஏறியது, ஏறியது என்பதை மறுக்கவில்லை. இறக்கத்தில்தான் எனக்கு வேடிக்கை. பதினாறாவது வளைவு வருமுன்பே திரையில் பேட்டரி நிரம்பிவிட்டதாகக் காட்டியது. அந்த வகைக் கார்களில் பேட்டரி முக்கால் யூனிட்தான், அதிலும் முழுவதையும் பயன்படுத்த விடாது. ஒரு செம்பை எடுத்துக்கொண்டு மேட்டூர் அணைக்கு முன் நிற்பது போல. மீதிப் பதினாறு வளைவுக்கும் வர வேண்டிய சக்தியைப் பிடித்துவைக்க இடமே இல்லை. அதற்கப்புறம் கியர் லீவரை 'பி'-யில் (இறக்கத்துக்கான B, பார்க்கிங்குக்கான P இல்லை) போட்டு இன்ஜினால் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான், அது இன்ஜினைச் சும்மா சுற்றவிட்டுச் சக்தியை வீணாக்கும். பிரேக்கைக் காப்பாற்ற அதுதான் சரியான முறை, வழக்கமான 'டி'-யிலேயே (D) பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஹைகிராஸ் போன்ற பெரிய வண்டியில் பேட்டரி கொஞ்சம் பெரிது, ஆனால் அதுவும் ஒன்றே கால் யூனிட் சொச்சம்தான், வண்டியின் எடையும் கூட.

பேட்டரி காரிலும் இதே தவறைச் செய்ய முடியும். நாகலூரில் ராத்திரி முழுக்க 15 ஆம்பியர் பிளக்கில் போட்டு 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்கினால், நிரம்பிய பேட்டரிக்குள் ஒன்றும் போகாது, காலை எடுத்தால் வண்டி பிடிக்காது, பழகின கால் தடுமாறும், பிரேக் சூடாகும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, மேலே 10 சதவீதம்தான் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம், இறங்குவதற்கு அது ஏகத்துக்கும் போதும். பயப்பட வேண்டியது கீழே. 30 சதவீதத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டு கோரிமேட்டைத் தாண்டாதீர்கள். சாயங்கால நேரத்தில் சத்தமே இல்லாமல் போகிற கார் காட்டெருமைக்கும் தெரியாது, அதையும் மனதில் வையுங்கள்.

சரி, பணம்.

வீட்டு மின் இணைப்பில் சார்ஜ் போட்டால் யூனிட் என்ன விலை என்று கேட்டால் எல்லோரும் ஒரு சராசரியைச் சொல்லிவிடுகிறார்கள், அது தப்பு. நம் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஏற ஏற விலை ஏறுகிற படிக்கட்டு. முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளின் விலையும் மாறிவிடும், 500-க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் எட்டரை ரூபாயில் தொடங்கிப் பத்து, பதினொன்று என்று போகும். எங்கள் வீட்டில் சுமார் 450 யூனிட், பில் 1,500 ரூபாய்க்குள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 300 யூனிட் ஆகும் என்று வைத்தால் மொத்தம் 750. பில் 4,400-ஐத் தொடுகிறது. ஆக, காருக்கு மட்டும் 2,900. யூனிட்டுக்கு ஏறக்குறைய பத்து ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை. மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இறங்கும், சேலம் வெயிலுக்கு அதுவாவது லாபமாக இருக்கட்டும்.

அதே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஹைப்ரிட் நூறு லிட்டர் குடிக்கும், பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி எத்தனையோ நாளாகிறது, பத்தாயிரத்துக்கு மேல். வித்தியாசம் இரண்டு மாதத்துக்கு ஏழாயிரம், வருடத்துக்கு நாற்பதாயிரம் சொச்சம். இதையே வெளியில் பாஸ்ட் சார்ஜரில் மட்டும் போட்டு ஓட்டுகிறவராக இருந்தால் யூனிட் இருபது, இருபத்தைந்து ரூபாய் வரை ஆகும், கிலோமீட்டருக்கு மூன்று நாலு ரூபாய், அப்போது ஹைப்ரிட்டோடு பெரிய வித்தியாசம் இல்லை. வரிசையில் நிற்கிற எரிச்சலும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் சாலை வரி. தமிழ்நாட்டில் பத்திலிருந்து இருபது லட்சம் வரைக்குமான பெட்ரோல், டீசல் காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம், ஹைப்ரிட்டுக்கும் அதேதான். பதினேழு லட்சம் வண்டிக்கு மூன்று லட்சத்துக்கு மேல். பேட்டரி காருக்கு இந்த வரியில் முழு விலக்கு கொடுத்து வருகிறார்கள். ஆனால் அந்த அரசாணைக்குக் கெடு தேதி உண்டு, நீட்டிப்பார்கள், நீட்டிக்காமலும் போகலாம், நீங்கள் பதிவு செய்கிற நாளில் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஷோரூம் விலையைப் பார்த்து பேட்டரி கார் விலை அதிகம் என்று திரும்பி வருகிறவர்கள் ஆன்-ரோடு விலையை ஒருமுறை எழுதி வாங்கிப் பார்த்தால் தலை சுற்றும், சில சமயம் ஹைப்ரிட்தான் அதிகமாக வருகிறது.

ஹைப்ரிட்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து சேலம் வருகிறவர்களைக் கேளுங்கள். 340 கிலோமீட்டர், ஹைவேயில் நூறில் போனால் 45 யூனிட் கார் 270, 300-க்கு மேல் தாங்காது, ஆக உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் பக்கம் எங்கேயாவது ஒருமுறை நிறுத்தியே ஆக வேண்டும். சாதாரண நாளில் முக்கால் மணி நேரம், சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் ஏறிவிடும். பண்டிகை நாளில் உங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி நின்றால் அவ்வளவுதான். போன தீபாவளிக்கு ஒரு இடத்தில் இரண்டு சார்ஜரில் ஒன்று பழுது, நண்பர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், குழந்தைகள் பின்சீட்டில் தூங்கியே போய்விட்டன. பெங்களூரு இருநூறு கிலோமீட்டர்தான், அது பிரச்சினை இல்லை. ஆனால் அந்த ஊர் நம்மைவிட அறுநூறு மீட்டருக்கு மேல் உயரம், போகும்போது கூடுதலாகக் குடிக்கும், திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கொடுக்கும். போன கணக்கை வைத்து வருகிற கணக்கைப் போடாதீர்கள்.

மழைக்காலம் இன்னொன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள், குப்பனூர் வழியாகத்தான் சுற்ற வேண்டியிருந்தது. மரம் விழுந்தால் மேலே கரண்ட் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. மலையிலேயே குடியிருக்கிறவர்கள், தோட்டத்தை நம்பி தினமும் உள்ளூர் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடுகிறவர்கள் ஹைப்ரிட்டோ சாதா பெட்ரோலோ வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. மாமனாருக்கு நான் பேட்டரி கார் சொல்லமாட்டேன், அவருக்குக் கார் என்பதே ஜீப்தான், அது வேறு விஷயம்.

பேட்டரி செத்துப்போனால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு வகைக்கும் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுக்கின்றன. அதற்குள் ஒன்றும் ஆகாது என்று வைத்துக்கொண்டாலும், பத்து வருடம் கழித்துப் பேட்டரி காரை என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஹைப்ரிட்டுக்கு இன்னும் நல்ல விலை கிடைக்கும். நான் எப்போதும் வண்டியைத் தேய்த்து முடிக்கிற ஆள், எனக்கு அது கவலை இல்லை. நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர் என்றால் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

புகை விஷயத்தில் ஒரு வார்த்தை. நம் வீட்டுக்கு வருகிற கரண்டில் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் உண்டு, காற்றாலை சீசனில் காற்றும் உண்டு. பேட்டரி கார் வாங்கிவிட்டதால் பூமியைக் காப்பாற்றிவிட்டதாக யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். ஆனாலும் ஐந்து ரோட்டில் முகத்துக்கு நேரே புகை வராதது எனக்குப் போதும்.

கடைசியில் எல்லாம் ராத்திரி கார் எங்கே நிற்கிறது என்பதில் வந்து நிற்கிறது. சொந்த வீடு, காம்பவுண்டுக்குள் வண்டி, ஒரு பிளக், மாதம் எண்ணூறு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் என்றால் பேட்டரி கார்தான், ஏற்காடு அடிக்கடி போகிறவராக இருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம். வாடகை வீடு, தெருவில் நிறுத்துகிறவர், அடுக்குமாடியில் சங்கத்துக்காரர்களோடு ஒரு பிளக்குக்காக ஆறு மாதம் மல்லுக்கட்ட வேண்டியவர் என்றால் ஹைப்ரிட் எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். மாதம் நானூறு கிலோமீட்டர்கூட ஓடாது என்றால் இரண்டும் வேண்டாம், கூடுதலாகக் கொடுக்கிற பணம் திரும்ப வராது, சின்னப் பெட்ரோல் கார் போதும். மச்சான் குடியிருப்பது பேர்லேண்ட்ஸில் மூன்றாவது மாடி, கீழே பொது பார்க்கிங். அவர் எடுத்தது அவருக்குச் சரி. இதை அவரிடம் நேரில் சொல்லமாட்டேன்.

நான் பேட்டரி கார் என்று முடிவு செய்து, ஷோரூமுக்குப் போகுமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டர் பெட்டியைத் திறந்து, டெஸ்டரை வைத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எர்த்தே இல்லீங்களே, எப்படி இத்தனை வருசம் இருந்தீங்க?" என்றார். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்குமாம், ஏற்றவே ஏற்றாதாம். எண்பதுகளில் கட்டிய வீடு, கம்பி துருப்பிடித்து எப்போதோ அறுந்திருக்கிறது, வாஷிங் மெஷினைத் தொட்டால் விறுவிறு என்று இழுத்ததற்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது. முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புதுக் குழாய் இறக்க வேண்டும், அங்கிருந்து போர்ட்டிகோ வரைக்கும் தனி ஒயர் இழுக்க வேண்டும். மொத்தம் பதினோராயிரம் கேட்கிறார். வியாழக்கிழமை வருகிறார், ஒரு மூட்டை கரியும் பத்துக் கிலோ கல்லுப்பும் நான் வாங்கி வைக்க வேண்டும்.